எல்லோருக்கும் போன அழைப்பு

சின்னவளுக்கு அந்த அழைப்புகள் வர ஆரம்பித்து மாதக்கணக்காகிவிட்டது. கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தி, இப்போது ஏதோ பெரிய கண் மருத்துவமனையில் இருப்பவள், தன்னுடைய தொழில் நட்பு வட்டத்தில் வந்து சேரச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தாள். அனுப்பியது அவளா, அந்த இணையதளமா என்பது தெரியவில்லை. 'உங்கள் தோழி காத்திருக்கிறார்' என்று வந்தது. கொஞ்ச நாள் கழித்து, 'உங்கள் தோழி இன்னும் காத்திருக்கிறார்' என்று வந்தது. படிக்கிற காலத்தில் கேன்டீனில் ஒரு டீ குடித்து முடிக்கும்வரைகூட இவளுக்காகக் காத்திருக்காதவள், இப்போது இப்படித் தவம் கிடப்பாள் என்று சின்னவள் நம்பவில்லை. வந்ததையெல்லாம் பார்க்காமலே அழித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு கண்ணாடிக் கடையில். முன்பக்கம் சுவர் முழுக்க ஃப்ரேம்கள், அதற்குப் பின்னால் கண் பரிசோதிக்கிற இருட்டறை, அதற்கும் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மெஷின் இருக்கிற ஒடுக்கமான அறை. இருட்டறைதான் அவளுடைய ராஜ்ஜியம். வருகிறவர்களை உட்கார வைத்து, கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில்கூட யாராவது ஏதாவது சொன்னால் "இதுவா, அதுவா?" என்று வாயில் வந்துவிடும்.

அன்று மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தோழியின் அழைப்பு மறுபடியும் வந்தது. பொழுது போகாத குறைக்கு, சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று சின்னவள் உள்ளே போனாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். என்ன வேலை, எந்தக் கடை, எந்த ஊர் என்று கேட்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் நிரப்பினாள். 'உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று பார்க்கட்டுமா?' என்று கடைசியாகக் கேட்டது. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அதற்கும் சரி சொன்னாள்.

திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்கின. அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரியவர், ஒரு காது ஒடிந்த கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தடவித் தடவி உள்ளே வந்தார். சின்னவள் எழுந்துகொண்டே, இருக்கிறதிலேயே பெரியதாக, பளிச்சென்று நீல நிறத்தில் இருந்த பட்டனைத் தட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி 'இப்போது வேண்டாம்' என்று எழுதியிருந்தது. நாள் முழுக்க அடுத்தவர்களைப் பொடி எழுத்துப் படிக்கச் சொல்கிறவள் அதைப் படிக்கவில்லை.

சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் முதலாளி தன் போனைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் சிரிப்பும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

"என்னம்மா இது? எங்கிட்டயே வேலை பாத்துக்கிட்டு என்னையே 'இணைய விரும்புகிறேன்'னு கூப்பிடுற? வேற எடத்துல வேலை தேடறியா?"

"ஐயோ சார், நான் எங்க சார் அனுப்பினேன்?"

"உன் பேரு, உன் போட்டோ. பக்கத்து வீட்டுக்காரனா அனுப்புவான்?"

விஷயம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. என்றைக்கோ ஒரு தடவை மெயில் அனுப்பிய ஒருவரைக்கூட அது விட்டுவைக்கவில்லை. லென்ஸ் சப்ளை செய்கிறவர், பழைய வீட்டுக்காரர், பல் டாக்டர், வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் என்று எல்லோருக்கும் அவள் பெயரில் அழைப்பு போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, மாடிப்படி செங்குத்தாக ஏறுகிற ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அக்கா பெண்கள் விடுதி ஒன்றில் உதவி வார்டன். அன்று சீக்கிரமே வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாஷிங் மெஷின்காரர் ஒத்துக்கிட்டாராம்க்கா. 'உங்களுடன் இணைந்து வளர ஆவலாக உள்ளேன்'னு பதில் வேற போட்டிருக்கார்."

அக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அக்கா கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள். இப்போதுதான் நாற்காலி நாற்காலியாக இருக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னும் யார் யாருக்கெல்லாம்டீ போச்சு? படி, படி," என்றாள் அக்கா.

சின்னவள் போனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். தையல்காரர், டிராவல்ஸ்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

அக்காவின் புருஷன். அழைப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே நாலு வரிகூட இல்லை. 'ரொம்ப சந்தோஷம். நீயாகக் கூப்பிட்டது நல்லது. அக்கா நலமா?'

கல்யாணமான புதிதில் போட்டோக்களை அவருக்கு மெயிலில் அனுப்பியது சின்னவள்தான். அந்த முகவரி அங்கேயே கிடந்திருக்கிறது. அவரிடமிருந்து தப்பிக் கையில் ஒரு பையோடு அக்கா வந்த பிறகு, சின்னவள் வேலையை மாற்றினாள், ஊரை மாற்றினாள், போன் நம்பரை மாற்றினாள். விவாகரத்து வழக்கில்கூட வக்கீல் ஆபீஸ் முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள். இத்தனையும் செய்துவிட்டு, கடைப் பெயரையும் ஊரையும் தன் கையாலேயே அவருக்கு எழுதி அனுப்பியாகிவிட்டது.

"என்னடீ ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. சார்ஜ் போயிடுச்சு."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கணக்கை அழிக்கப் பார்த்தாள். 'நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம்' என்றது அது. ஏன் போகிறீர்கள் என்று காரணம் கேட்டது. எதையோ ஒன்றைத் தட்டி அழித்தாள். ஆனால் பார்க்க வேண்டியவர் பார்த்தாகிவிட்டது.

அக்காவிடம் சொல்லத்தான் நினைத்தாள். மறுநாள் காலையில் அக்கா தலை வாரிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் வாய் வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளினாள். சாயங்காலம் விடுதிப் பிள்ளைகளின் கூத்தைச் சொல்லி அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வரமாட்டார், எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிற கடை, மெனக்கெட்டு யார் வருவார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனாலும் கடைக்கு வரும்போதும் போகும்போதும் கழுத்து பின்னால் திரும்பித் திரும்பியே வலி கண்டுவிட்டது.

அவர் வந்தார். முதலாளியின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஏம்மா, யார் வந்திருக்காங்கன்னு வெளிய வந்து பாரு! சொந்தக்காரங்க வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, அதே அடக்கமான சிரிப்பு. அவரைப் பார்க்கிற யாருக்கும் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன் என்றுதான் தோன்றும். முதலாளிக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அதற்குள் டீ வாங்கிக் கொடுத்து, டம்ளர்கூட காலியாகியிருந்தது.

"பவர் பார்க்கணும்மா," என்றார் அவர். "கிட்டத்துல படிக்கறது மங்கலா இருக்கு."

முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்ல வழியில்லை. இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினாள். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மேல் வரி படிங்க மாமா."

படித்தார். ஒரு எழுத்துத் தப்பவில்லை.

"அடுத்த வரி."

அதையும் படித்துவிட்டு, அதே குரலில், அடுத்த எழுத்தைப் படிக்கிற மாதிரியே, "அவ எந்நேரத்துக்கு வீட்டுக்கு வருவா?" என்றார்.

"எனக்குத் தெரியாது."

"உன்கூடத்தான் இருக்கான்னு உங்க முதலாளி சொன்னாரே. நல்ல மனுஷன். வாய் நிறைய பேசறார்."

சின்னவள் லென்ஸை மாற்றினாள். "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டதா?"

"ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு. இங்க பாரு, நானா தேடி வரல. நீ கூப்பிட்ட, வந்தேன். நாளைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். போன்ல இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "கை எப்படி இருக்கு அவளுக்கு? குளிர் நேரத்துல வலிக்குமே."

அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவர் அவர்தான். மணிக்கட்டு இன்னமும் முழுசாக மடங்காது. தலைவலிக்கு மாத்திரை போட்டியா என்று கேட்கிற அதே அக்கறையோடு அதைக் கேட்டார்.

சின்னவளின் வாய் வேலை பழகிய வாய், தன்பாட்டுக்குப் பேசியது. "பவர் ஏறியிருக்கு மாமா. லென்ஸ் வெளியூர்லேர்ந்து வரணும். நாளை மறுநாள் வாங்க, கண்ணாடி ரெடியா இருக்கும். அப்ப பேசிக்கலாம்." அந்த லென்ஸ் அவள் முழங்காலுக்குப் பக்கத்து டிராயரிலேயே இருந்தது.

"வர்றேன்," என்றார் அவர். போகும்போது முதலாளியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சின்னவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்கக் கேட்க அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஐயையோ, தெரியாமப் போச்சேம்மா. வீடு எந்தப் பக்கம்னு கேட்டார். பேட்டரிக் கடைக்கு மேலன்னு நான்கூட…"

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறி, வீட்டுக்குப் போகாமல் நேராக விடுதிக்குப் போனாள்.

அக்கா சாமான் அறையில் இருந்தாள். பல்புகளும் பக்கெட்டுகளும் போர்வைகளும் அடுக்கியிருந்த அறை. யாருக்கோ புதுப் போர்வை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினாள்.

"வந்துட்டாரா?" என்றாள். வேறு எதையுமே கேட்கவில்லை.

சின்னவள் அழுதுகொண்டே சொன்னாள். பட்டனைத் தட்டியது, அன்று சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் பெயரைப் பார்த்தது, கடைக்கு வந்தது.

"அப்போ அன்னிக்கே உனக்குத் தெரியும்," என்றாள் அக்கா.

"பயமுறுத்த வேணாம்னு நினைச்சேன்க்கா. இப்பதான் நீ கொஞ்சம்…"

"தெரிஞ்சும் இத்தனை நாள் என்னை அந்த மாடிப்படி ஏறி இறங்க விட்டிருக்க."

"உன் நல்லதுக்குத்தான்…"

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாத குட்டி." அக்காவின் குரல் உயரவில்லை. "அவர் வீட்டுச் சாவியை ஒளிச்சு வச்சப்பவும் அதான் சொன்னார். வேலைக்குக் கூப்பிட்ட கடுதாசியைக் கிழிச்சப்பவும் அதான் சொன்னார். பட்டன் தட்டினது தப்பில்ல, யாருக்கும் கை தவறும். எனக்கு என்ன தெரியணும், என்ன தெரியக்கூடாதுன்னு நீ முடிவு பண்ணினே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

சின்னவள் போர்வை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அக்கா, பழக்கத்தில், தங்கையின் தலையில் கை வைத்தாள். மடங்காத கைதான். வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

அக்கா அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. விடுதியிலேயே வார்டன் அம்மாவின் அறையில் தங்கினாள். துணிமணி எடுக்கச் சின்னவளோடு முதலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். பேட்டரிக் கடைக்கு எதிர்ப்புறத்தில் அக்கா புருஷன் நின்றுகொண்டிருந்தார், யாருக்காகவோ பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறவர் மாதிரி. முதலாளியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். முதலாளியின் கை தன்னையறியாமல் பாதிவரை மேலே போய், நடுவில் நினைவு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு கீழே வந்தது. முதலாளியின் மனைவி தன் புருஷனை ஒரு முறை முறைத்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். வக்கீலும் கூட வந்தார். அக்கா புருஷனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கூச்சல் போடவில்லை, மறுக்கவில்லை, போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா கூப்பிட்டிருக்கீங்க?"

"நான் கூப்பிடல சார். அந்த சைட்டுதான் எல்லாருக்கும்…"

"உங்க பேர்லதானே வந்திருக்கு?"

வாஷிங் மெஷின்காரருக்கும் போனது, பல் டாக்டருக்கும் போனது என்று சொன்னால் அங்கே யாருக்கும் சிரிப்பு வராது என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லித்தான் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் விடாமல் வாதாடி, இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று அவரிடம் ஒரு கையெழுத்து வாங்க வைத்தார். கையெழுத்துப் போடும்போது, பார்வை சரியில்லை, புதுக் கண்ணாடி இன்னும் கைக்கு வரவில்லை என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்பு மாதிரிச் சொன்னார்.

அந்த விடுதியை நடத்துகிறவர்களுக்கு வேறு ஊர்களிலும் விடுதிகள் இருந்தன. வார்டன் அம்மா போன் போட்டுப் பேசினாள். ஒரு வாரத்துக்குள் ஏற்பாடாகிவிட்டது. எந்த ஊர் என்று சின்னவள் கேட்டபோது, அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு வேண்டாம்."

"அக்கா, நான் யார்கிட்டயும்…"

"சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும். அன்னிக்கும் நீ யார்கிட்டயும் சொல்லணும்னு நினைக்கல." ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. சின்னவள் குனிந்து, நூலை எடுத்துவிட்டு, இழுத்து மூடினாள். "கோபத்துல சொல்லலடீ. கோபமும் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக இல்ல. அவர் திரும்ப வந்து உன் முன்னாடி உக்காந்து கேட்டா, தெரியாதுன்னு நீ நிஜமாவே சொல்லணும். உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலேர்ந்தே மூக்கு விடைச்சுக்கும்."

பஸ் நிலையம்வரை போனாள். உள்ளே வர வேண்டாம் என்று அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். எந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள் என்றுகூடப் பார்க்கக் கூடாதாம். சின்னவள் திரும்பி நின்றுகொண்டு, எதிரே இருந்த செருப்புக் கடையில் தொங்கிய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று தோன்றியபோது திரும்பினாள். அக்கா இல்லை.

அவர் கொஞ்ச நாள் கடைப் பக்கம் தெரிந்தார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு போக வந்தபோது, சின்னவள் லென்ஸ் தேய்க்கிற அறையில் மெஷினை ஓடவிட்டு நின்றிருந்தாள். "அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிடுச்சு சார்," என்று முதலாளி உரக்கப் பொய் சொன்னது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அப்புறம் அவர் தெரியவில்லை. தெரிந்தபோது இருந்த பயத்தைவிட, தெரியாதபோது இருந்த பயம் பெரியதாக இருந்தது. பேட்டரிக் கடை வீட்டைக் காலி செய்துவிட்டு, முதலாளி வீட்டுப் பின்கட்டில் ஒரு அறைக்கு மாறினாள். மெயிலில் இன்னமும் யார் யாரோ காத்திருந்தார்கள். அவள் திறப்பதே இல்லை.

அக்காவிடமிருந்து ரொம்ப நாள் சத்தமே இல்லை. ஒருநாள் மத்தியானம், கடை போனில் கூப்பிட்டாள். முதலாளி ரிசீவரை நீட்டிவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"சாப்பிட்டியா?"

"ம்." சின்னவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ?"

"ஆச்சு. புது எடம் பரவால்ல. பிள்ளைங்கதான் வாயாடிங்க. கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் இருக்கு."

"கை வலிக்குதா?"

"குளிர்ல கொஞ்சம்…" என்று ஆரம்பித்தவள், எந்த ஊரில் இப்போது குளிர் என்று தங்கை யோசிக்கக் கூடாதே என்பதுபோல நிறுத்திவிட்டாள்.

அப்போது அக்காவின் பின்னால் எங்கேயோ ஒலிபெருக்கி கரகரத்தது. ரயிலோ, பஸ்ஸோ, ஒரு ஆணின் குரல் 'பயணிகளின் கவனத்திற்கு' என்று தொடங்கியது. அடுத்து ஊர்ப் பெயர் வரும். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தது போனில் கேட்டது.

"அக்கா, இங்க மெஷின் ரிப்பேர் தெரியுமா?" சின்னவள் கடையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் பேச ஆரம்பித்தாள். "ரெண்டு நாளா லென்ஸ் தேய்க்க முடியல, முதலாளி ஆளைக் கூட்டிட்டு வரேன்னு போய் யாரோ ஃபேன் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்துட்டார், அவன் மெஷினைக் கழட்டி வச்சுட்டு இதுல றெக்கை எங்கன்னு கேக்கறான்…"

மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் குரல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து ஓய்ந்திருக்கும் என்று தோன்றிய பிறகும் நிறுத்தவில்லை. அக்கா, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.